செல்போன் விளையாட்டு ஏன் சுவைக்கிறது? ஆட்டத்தின் உளவியல் பற்றிய ஒரு விளக்கம்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி எனக் கரையோர ஊர்களில் இந்தத் தடைக்காலம் பள்ளிகளின் கோடை விடுமுறையோடு சேர்ந்தே வருகிறது. படகுக்குப் போகும் இளைஞர்களுக்கு வேலை இல்லை, தம்பிமார்களுக்குப் பள்ளி இல்லை, எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. அதைப் பற்றி வீடுகளில் எழும் சண்டை புதிதல்ல என்றாலும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றிய பிறகு குழப்பம் கூடியிருக்கிறது. செல்லில் விளையாடுவதே குற்றமாகிவிட்டதா, ரம்மியும் கார் பந்தய கேமும் ஒன்றுதானா, ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் விளையாடும் பையன் சாப்பிடக் கூப்பிட்டாலும் ஏன் எழுந்து வருவதில்லை என்று வெவ்வேறு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்து கேட்கப்படுகின்றன.

இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், வீடியோ கேமில் மனத்துக்கு இன்பம் தருவது எது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1980 தொட்டே இதைப் பற்றி முறையான ஆய்வுகள் நடந்து வருகின்றன. அவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஆட்டத்தில் தேறி வருவதால் கிடைக்கும் இன்பம் ஒன்று. அடுத்த பரிசு எப்போது வருமோ என்று காக்கவைக்கும் இழுப்பு மற்றொன்று. பெரும்பாலான விளையாட்டுகளில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. எந்த விளையாட்டில் எது மிகுந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால்தான் நல்லது கெட்டதைப் பற்றி நியாயமாகப் பேச முடியும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

விளையாட்டு என்பது எது?

தத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட நூலில், தேவையில்லாத தடைகளைத் தாமாக விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்று வரையறுத்தார். ஆடுபுலி ஆட்டத்தில் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். 3 புலி, 15 ஆடு என்று காய் வைத்து ஆடும்போது, ஆடுகளைக் கட்டத்திலிருந்து அகற்றுவது மட்டுமே நோக்கமென்றால் கையால் அள்ளி எடுத்துவிடலாம். தாண்டித்தான் வெட்ட வேண்டும், தாண்டிய பக்கம் நிற்க இடம் காலியாக இருக்க வேண்டும் என்ற விதிகளை இருவரும் ஒப்புக்கொள்வதால்தான் அது ஆட்டமாகிறது. இலக்கு, விதி, செய்ததன் விளைவு கண்ணுக்குத் தெரிவது, விரும்பி ஆடுவது ஆகிய நான்கும் இருந்தால் அது விளையாட்டு.

வீடியோ கேமில் விதியைக் காக்கும் வேலையையும் விளைவைக் காட்டும் வேலையையும் கணினி ஏற்றுக்கொள்கிறது. விரல் பட்டவுடன் பதில் வருகிறது. ஆய்வாளர்களுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு: ஆட்டத்தின் ஏதாவது ஓர் உறுப்பை மட்டும் நீக்கிவிட்டு, மற்றவற்றை அப்படியே வைத்து ஆட வைக்கலாம். சுவை குறைந்தால், நீக்கிய உறுப்பில்தான் சுவை இருந்தது என்று அறியலாம்.

ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றிப் பார்த்த ஆய்வு

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் மலோன் 1980இல் செய்த முனைவர் பட்ட ஆய்வு இந்த வழியில்தான் நடந்தது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பிடித்த கணினி விளையாட்டுகளுக்கும் பிடிக்காதவற்றுக்கும் என்ன வேறுபாடு என்று அவர் முதலில் பார்த்தார். தெளிவான இலக்கு இருப்பதே விருப்பத்தோடு மிகவும் ஒத்துப்போனது. என்ன செய்ய வேண்டும் என்று புரியாத விளையாட்டு, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்தங்கியது.

அடுத்து அவர் பிரேக்அவுட் என்ற விளையாட்டை எடுத்துக்கொண்டார். திரையின் ஒரு பக்கம் செங்கற்சுவர்; மறுபக்கம் ஆடுபவர் நகர்த்தும் மட்டை; பந்து பட்ட செங்கல் மறைந்துவிடும். மதிப்பெண் இல்லாமல் ஒன்று, செங்கல் உடையாமல் ஒன்று என்று அந்த ஆட்டத்தைப் பல வடிவங்களில் அமைத்து ஆட வைத்ததில், செங்கற்கள் உடைந்து மறைவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று தெரிந்தது. உடைபட்ட சுவரே எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்று காட்டிவிடுகிறது. சுவர் முழுவதையும் தகர்ப்பது பெரிய இலக்கு. இந்த வரிசையை முடிப்பது நடு இலக்கு. அந்த ஓரத்துச் செங்கல் இப்போதைய இலக்கு. மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. இன்றைய விளையாட்டுகளில் காணும் லெவல், மிஷன், முன்னேற்றக் கோடு எல்லாம் இந்தச் சுவரின் பிள்ளைகளே.

பின்னம் கற்பிக்கும் ஒரு விளையாட்டில் அவர் கண்டது இதைவிடக் கவனத்துக்குரியது. எண்கோட்டில் ஒட்டியிருக்கும் பலூனின் இடத்தைச் சரியாகச் சொன்னால் அம்பு பாய்ந்து பலூன் வெடிக்கும். பலூன் வெடிக்கும் அந்தக் கற்பனை சிறுவர்களுக்குப் பிடித்திருந்தது; சிறுமிகளுக்கோ அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கணக்கு ஒன்றுதான், விதி ஒன்றுதான், போர்த்திய கற்பனை மட்டும் ஒரு சாராரை ஈர்த்து இன்னொரு சாராரைத் தள்ளியிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே சுவை என்று எண்ணிக் கல்வி விளையாட்டு தயாரிப்பவர்கள் இந்த முடிவைப் படிக்காமல் விடுவது வருத்தத்துக்குரியது. அறைகூவல், கற்பனை, அறியும் ஆவல் ஆகிய மூன்றும் சுவையின் ஊற்றுகள் என்று மலோன் தொகுத்தார்.

எளிதும் கடினமும் சந்திக்கும் இடம்

அறைகூவல் எவ்வளவு இருக்க வேண்டும்? சதுரங்கம் ஆடுபவர்கள், பாறை ஏறுபவர்கள், அறுவை மருத்துவர்கள் போன்றோரிடம் பேசி ஆராய்ந்த உளவியலாளர் மிகாய் சிக்சென்ட்மிகாயி 1975இல் இதற்கு ஒரு விடை தந்தார். வேலை நம் திறமைக்கு மிகக் கீழே இருந்தால் சலிப்பு. மிக மேலே இருந்தால் பதற்றம். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தால் மனம் முழுமையாக அதில் ஒன்றிவிடுகிறது. அந்த ஒன்றுதலில் நேரம் போவது தெரியாது, தன்னைப் பற்றிய நினைப்பும் பின்வாங்கிவிடும். சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவின் குரல் காதில் விழாமல் போவதற்கு அலட்சியத்தைவிட இதுவே பல நேரங்களில் காரணம்.

திறமை வளர வளரக் கடினமும் வளர வேண்டும் என்பதால், நல்ல விளையாட்டு ஒரு நல்ல ஆசிரியராக இருந்தாக வேண்டும். 1985இல் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டின் முதல் சில விநாடிகளைக் கூர்ந்து பார்த்தால் இது புரியும். மாரியோ திரையின் இடப்பக்கம் வலப்புறம் நோக்கி நிற்கிறார், எதிரே காலியிடம், எனவே வலப்புறம் நடக்கத் தோன்றுகிறது. எதிரிலிருந்து ஒரு பழுப்பு நிறப் பிராணி வருகிறது. தொட்டால் மாரியோ செத்துவிடுவார், ஆனால் ஆட்டம் தொடங்கிச் சில விநாடிகளே ஆகியிருப்பதால் இழப்பு ஒன்றுமில்லை. மறுமுறை குதிக்கிறோம், அதன் தலையில் இறங்கினால் அது நசுங்குகிறது. அந்தரத்தில் மின்னும் கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் நாணயம் வருகிறது. இன்னொரு பெட்டியை முட்டினால் காளான் ஒன்று வெளிவந்து வலப்புறம் நகர்கிறது, குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கி வருகிறது. முன்பு வந்த பிராணியின் நினைவில் பயந்து ஒதுங்க நினைத்தாலும் அந்த நெருக்கடியான இடத்தில் தப்புவது கடினம். தொட்டதும் மாரியோ பெரிதாகிறார். எதை மிதிக்க வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று ஒரு சொல்கூட எழுதிக் காட்டாமல் கற்பித்தாகிவிட்டது.

கடினம் ஏறும் இந்த ஒழுங்கு சில வேளை தற்செயலாகவும் கிடைத்திருக்கிறது. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவர்களின் வேகம் கூடும். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் அன்றைய கணினிச் சில்லு வேகமாக ஓடியதன் விளைவு அது. ஆட்டத்தை உருவாக்கிய தொமோஹிரோ நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்.

தோற்றாலும் ஏன் இனிக்கிறது?

மனிதர் எதையும் மனமுவந்து செய்வதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்பது உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோர் வளர்த்த கோட்பாடு.

1. தன்னுரிமை: என்ன செய்வதென்று நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற உணர்வு.
2. தேர்ச்சி: நேற்றைவிட இன்று எனக்கு நன்றாக வருகிறது என்ற உணர்வு.
3. உறவு: என்னை நம்புபவர்களோடு சேர்ந்திருக்கிறேன் என்ற உணர்வு.

ரயனும் வேறு இருவரும் 2006இல் இதை வீடியோ கேம்களில் சோதித்து, இம்மூன்றையும் நிறைவேற்றும் விளையாட்டுகளே அதிக இன்பம் தருகின்றன என்று எழுதினார்கள்.

தடைக்காலத்தில் வலை பின்னும் கொட்டகை நிழலில் நான்கு இளைஞர்கள் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடுவதைக் கவனித்தால் மூன்றையும் ஒரே இடத்தில் காணலாம். விமானத்திலிருந்து எங்கே குதிப்பது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். “வீட்டுக்குள்ள ரெண்டு பேரு இருக்கான், நீ பின்பக்கமா வாடா” என்று ஒருவன் சொல்ல, மற்றவன் வருகிறான். ஒருவன் அடிபட்டு விழுந்தால், தானும் சாகக்கூடும் என்று தெரிந்தே இன்னொருவன் அவனைத் தூக்கிவிட ஓடுகிறான். 100 பேர் இறங்கும் ஆட்டத்தில் நால்வர் அணி ஒன்றே வெல்லும். 96 பேர் தோற்பார்கள். இருந்தும் தோற்றவர்கள் உடனே அடுத்த ஆட்டத்துக்குத் தயாராவதற்குக் காரணம், எந்த இடத்தில் தவறினோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பதும், கூட்டாளிகளோடு சேர்ந்து தோற்றதும்தான்.

விளையாடும் நேரத்தின் அளவு மட்டுமே தீங்கை முடிவு செய்வதில்லை என்பதற்கும் சான்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ 39,000 பேரின் விளையாட்டு நேரத்தை, அவர்கள் சொன்னபடி அல்லாமல் நிறுவனங்களின் பதிவிலிருந்தே எடுத்துப் பார்த்தது. நேரம் கூடியதாலோ குறைந்ததாலோ மனநலனில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. விரும்பி ஆடுகிறேன் என்றவர்களின் மனநிலை நன்றாகவும், ஆடாமல் இருக்க முடியவில்லை என்று ஆடுபவர்களின் மனநிலை மோசமாகவும் இருந்தது. ஆகவே பெற்றோர் கடிகாரத்தைப் பார்ப்பதோடு பிள்ளையின் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதிர்பார்ப்பின் இழுப்பு

விளையாட்டு என்றாலே, மூளை நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமின் என்று பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. காணொளி விளையாட்டு ஆடும்போது மூளையில் டோபமின் சுரப்பதை 1998இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டியது உண்மை. ஆனால் டோபமினை இன்பத்தின் சாறு என்று எண்ணுவது தவறு. நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமின் நரம்புகள் துடித்தன. விளக்கு எரிந்த பிறகுதான் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும் துடிப்பு விளக்கு எரியும் கணத்துக்கு மாறியது; சாறு வந்தபோது துடிப்பு கூடவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. அதாவது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே அந்த நரம்புகள் கணக்கிடுகின்றன. இன்னொரு நரம்பியலாளர் கென்ட் பெரிட்ஜின் எலி ஆய்வுகள் இன்னும் ஒரு படி சென்றன: டோபமினை இழந்த எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை, ஆனால் நாவில் இனிப்பு பட்டால் சுவைத்தன. நாடுவதும் சுவைப்பதும் மூளையில் தனித்தனி. சுவை தீர்ந்த பின்னும் நாட்டம் தொடர முடியும் என்பதே இதன் பொருள்.

நாட்டத்தை மிகவும் வலுவாக்குவது நிச்சயமற்ற பரிசு. உளவியலாளர்கள் பி.எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957இல் இதை விரிவாக எழுதினார்கள். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் கிடைத்த புறா, தானியம் நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டுவிடும். எத்தனையாவது கொத்துக்கு வரும் என்று தெரியாமல் பழகிய புறா நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். கடலுக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் வலை நிறைய இறால், மறுநாள் டீசல் காசுக்கும் தேறாத மீன்பாடு, மீண்டும் ஒரு நாள் யாரும் எதிர்பாராத கணவாய். அந்த ஒரு நாளின் நினைவு பல வெறும் நாட்களைத் தாண்ட வைக்கிறது. ஆனால் கடலுக்கும் செல்போனுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. மீன்பாட்டை யாரும் திட்டமிட்டு ஏற்றி இறக்குவதில்லை. விளையாட்டில் எந்தப் பெட்டியில் எது விழும் என்ற விகிதத்தை ஒருவர் எழுதி வைத்திருக்கிறார், ஆடுபவர் எப்போது வருகிறார், எப்போது விலகுகிறார் என்ற பதிவும் அவரிடம் இருக்கிறது.

இந்த இழுப்புக்காக வழக்கமாகக் கையாளப்படும் உத்திகள் இவை.

1. பரிசுப் பெட்டி: பணம் அல்லது டைமண்ட் (ஆட்டத்துக்குள் செல்லும் காசு) கொடுத்துத் திறந்தால் அரிய ஸ்கின் (பாத்திரத்துக்கோ ஆயுதத்துக்கோ போடும் அலங்காரத் தோற்றம்) வரலாம், வராமலும் போகலாம். ஸ்கின்னரின் புறாக்கூண்டு அப்படியே இதில் இருக்கிறது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் சில விளையாட்டுகளின் கட்டணப் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது.
2. நூலிழைத் தோல்வி: சூதாட்ட இயந்திரத்தில் கிட்டத்தட்ட வென்றுவிட்டதுபோல் தோற்பது ஆடுபவருக்கு எரிச்சல் தந்தாலும், மீண்டும் ஆடும் ஆசையைத் தூண்டுகிறது என்று 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று காட்டியது.
3. முன்கூட்டியே தந்த முன்னேற்றம்: கார் கழுவும் கடை ஒன்றில் நடந்து 2006இல் வெளியான சோதனையில், ஒரு முறை இலவசமாகக் கழுவ எட்டு முத்திரை தேவைப்படும் வெற்று அட்டை பெற்றவர்களில் 19 சதவீதம் பேரே அதை முடித்தார்கள். பத்தில் இரண்டு ஏற்கெனவே குத்தப்பட்ட அட்டை பெற்றவர்களில் 34 சதவீதம் பேர் முடித்தார்கள். இருவருக்கும் மீதமிருந்தது எட்டுதான்.
4. தினசரிப் பரிசு: ஏழு நாள் தொடர்ந்து வந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஆதாயத்தைவிட இழப்பு மனத்தில் அதிகம் உறைக்கும் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதியதன் நேரடிப் பயன்பாடு இது. விளையாட ஆசையில்லாத நாளிலும் ஆட்டத்தைத் திறக்க வைக்கிறது என்பதால், நான்கிலும் இதையே மிகவும் கண்டிக்கத்தக்கதாகக் கருதுகிறேன்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

2025 ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் இணைய விளையாட்டுகளை மூன்றாகப் பிரிக்கிறது: மின் விளையாட்டுப் போட்டிகள் (இ-ஸ்போர்ட்ஸ்), பொழுதுபோக்கு விளையாட்டுகள், பண விளையாட்டுகள். முதல் இரண்டுக்கும் ஆதரவு; மூன்றாவதற்குத் தடை. பணம் கட்டி, பணம் வெல்லும் எதிர்பார்ப்போடு ஆடுவது திறமையைச் சார்ந்ததா அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததா என்பது இனி பொருட்டல்ல. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆடுபவரைத் தண்டிக்க இச்சட்டம் வகை செய்யவில்லை.

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடை செய்ய முயன்றபோது, அவை திறமை விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது நினைவிருக்கலாம். உளவியல் நோக்கில் அந்த வழக்காடலில் ஒரு பகுதி விடுபட்டுப்போகிறது. ரம்மியில் திறமை இருப்பது மெய்யே. பணயம் வைத்தவுடன் அந்தத் திறமையின் மேல் நிச்சயமற்ற பணப் பரிசு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற தவிப்பு ஆட்டத்தைக் கைப்பற்றிவிடுகிறது. மாதச் சம்பளமின்றி, மீன்பாடு கிடைத்தால் பங்கு என்று வாழும் குடும்பத்தில் ஓர் இரவில் போகும் பணம் அடுத்த பாடு வரை திரும்பாது. எனவே இந்தத் தடை சரியானது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பப்ஜி 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் தடை செய்யப்பட்டதற்கு நாட்டின் பாதுகாப்பே காரணமாகச் சொல்லப்பட்டது. பிள்ளைகள் அடிமையாவது அல்ல.

நோய் என்று சொல்வதற்கும் வரையறை இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அது முன்னுரிமை பெறுதல், கேடு விளைந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். விடுமுறையில் இரண்டு மாதம் அதிகம் ஆடுவது மட்டும் அதற்குள் வராது.

ஒரு விளையாட்டை ஆராய்வது எப்படி?

மலோனின் முறையை வீட்டிலும் பள்ளியிலும் செய்து பார்க்கலாம். பிள்ளையே அதைச் செய்தால் இன்னும் நல்லது. கேட்க வேண்டியவை சில:

1. தோற்றபோது ஏன் தோற்றோம் என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அங்கே கற்றல் நடக்கிறது.
2. தினசரிப் பரிசைச் சில நாள் எடுக்காமல் விட்ட பிறகும் ஆட்டத்தைத் திறக்க ஆசை இருக்கிறதா?
3. நண்பர்கள் இல்லாத நேரத்திலும் அது சுவைக்கிறதா? இல்லையென்றால் பிள்ளை நாடுவது நண்பர்களை.
4. பணம் கட்டுபவருக்குக் கிடைப்பது அலங்காரமா, வெல்லும் வலுவா?

பரிசு கொடுத்துப் பிள்ளையை வேறு பக்கம் திருப்ப நினைப்பவர்களும், பாடங்களுக்குப் புள்ளியும் பதக்கமும் சேர்க்க நினைக்கும் ஆசிரியர்களும் உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் 1973இல் வெளியிட்ட சோதனையை அறிந்திருக்க வேண்டும். படம் வரைவதில் விருப்பமுள்ள மழலையர் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி வரைய வைத்தார்கள். பின்னர் தாமாக விளையாடும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

மேற்கண்ட கேள்விகளுக்கு விடை தேடும் மாணவர், விளையாட்டு உருவாக்குபவர்களின் அன்றாட வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிடுகிறார். புதிய விளையாட்டை வெளியிடும் முன் அதைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து ஆட வைத்து, அருகில் உட்கார்ந்து, குறிப்பு எதுவும் சொல்லாமல், எங்கே தயங்குகிறார், எங்கே சிரிக்கிறார், எந்த இடத்தில் போனைக் கீழே வைக்கிறார் என்று எழுதிக்கொள்வார்கள். இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். கணினி ஆய்வகம் இல்லாத பள்ளியிலும் செய்யலாம்.